கேடயம் யாருக்கு? கணக்கு யாரிடம்?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

இன்று நாம் முடிவு செய்ய வேண்டிய பொருள் ஒன்றே ஒன்றுதான். நம் வட்டாரத்து வியாபாரிகள் சிலர் ஒன்றுகூடி, இங்குள்ள போலீஸ் ஸ்டேஷனில் வேலை பார்க்கும் போலீசாருக்குக் கலவர நேரத்தில் அணியும் தலைக்கவசம், மார்புக் கவசம், முழங்கால் காப்பு, கேடயம் ஆகியவற்றை வாங்கித் தர நிதி திரட்டுகிறார்கள். கடைக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். நம் சங்கத்துக்கும் கடிதம் வந்துள்ளது. பொங்கல் விழாவுக்காக நாம் சேர்த்து வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கைக் கேட்கிறார்கள்.

இதைப் பற்றிச் சந்துக்குச் சந்து பேச்சு நடக்கிறது. இளைஞர்கள் கேட்கிறார்கள்: "நம் முதுகில் விழுகிற தடிக்கு நாமே சந்தா கட்டுவதா?" பெரியவர்கள் சொல்கிறார்கள்: "நாளைக்கு ஒரு ஆபத்து என்றால் அந்த ஸ்டேஷனுக்குத்தானே ஓட வேண்டும்? கேட்டதைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்போம்." இந்த இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டுமே முழு நியாயம் அல்ல. ஆகவேதான் கையைத் தூக்கி ஓட்டுப் போடுவதற்கு முன், விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று செயற்குழு கருதியது.

முதல் கேள்வி: போலீஸ்காரருக்குக் கவசம் வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும் என்பதே நம் பதில். தயக்கமில்லாமல் சொல்கிறோம். தண்டவாளத்தில் நடக்கும் கேங்மேனுக்கு மழைக்கோட்டும் காலணியும் கேட்டுப் போராடியவர்கள் நாம். சாக்கடையில் இறங்கும் தோழருக்குக் கையுறை ஏன் இல்லை என்று கேட்பவர்கள் நாம். வேலை செய்கிற மனிதனின் உடம்புக்குக் காப்பு வேண்டும் என்பது தொழிலாளி வர்க்கத்தின் அரிச்சுவடி. காக்கிச் சட்டை போட்ட உடனே ஒருவன் மண்டை இரும்பாகிவிடுமா? கல் விழுந்தால் அவன் மண்டையும் உடையும். அவன் வீட்டிலும் ஒரு தாய் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

2012 ஆகஸ்ட் 11-ஆம் தேதி இந்த நகரத்தின் ஆசாத் மைதானத்தில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். கண்டனக் கூட்டம் கலவரமாக மாறியது. இருவர் இறந்தனர். காயமடைந்தவர்களில் பெரும்பாலோர் போலீசார். பெண் போலீசாரும் தாக்கப்பட்டார்கள். 2008 நவம்பர் 26 இரவில் துப்பாக்கி ஏந்திய கொலைகாரனைத் துக்காராம் ஓம்ப்ளே மறித்தது வெறும் லத்தியோடுதான். குண்டுகளைத் தன் உடம்பில் வாங்கி அவர் மாண்டார். அவருடைய வீரத்தை நாம் வணங்குகிறோம். ஆனால் வீரத்தைப் புகழ்ந்தே கருவிக்கான செலவை மிச்சம் பிடிக்கும் அரசாங்கத்தை நாம் வணங்க முடியாது.

2020-ஐ மறந்துவிட்டோமா? கொரோனா பரவிய அந்த நாட்களில் தெருமுனையில் நாகாபந்தி நின்ற போலீசார் மகாராஷ்டிரத்தில் மட்டும் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 14 அன்று, ரயில் ஓடும் என்று நம்பிப் பாந்திரா ஸ்டேஷன் அருகே கூடிய வெளியூர்த் தொழிலாளிகள்மீது லத்தி விழுந்தது. அடித்தவனுக்கும் பாதுகாப்பு இல்லை, அடிபட்டவனுக்கும் பாதுகாப்பு இல்லை. இருவரையும் அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் மட்டும் பத்திரமாக இருந்தார்கள்.

போலீஸ்காரர் தமக்கு வேண்டியதைத் தாமே சங்கம் வைத்துக் கேட்கலாமே என்று சிலர் நினைக்கலாம். கேட்க முடியாது. 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவர்களுடைய சங்க உரிமைக்குக் கடுமையான வரம்பு போட்டிருக்கிறது. 1982 ஆகஸ்டில், பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டில், இந்த நகரத்துக் கான்ஸ்டபிள்கள் சம்பளம், வேலை நேரம், குடியிருப்பு ஆகிய குறைகளுக்காகக் கிளம்பினார்கள். ராணுவம் அழைக்கப்பட்டது. அவர்கள் சங்கத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. எட்டு மணி நேர வேலை என்ற உரிமையை உலகத் தொழிலாளி என்றைக்கோ கேட்டுவிட்டான். மும்பைப் போலீசில் அது சோதனையாகத் தொடங்கியது 2016-இல்தான், தேவ்னார் ஸ்டேஷனில். அதுவும் ஒரு சாதாரணப் போலீஸ்காரர் எழுதிக் கொடுத்த யோசனையால் வந்தது. பன்னிரண்டு மணி நேரம், பதினாறு மணி நேரம் நின்று, சாப்பாடு இல்லாமல், கண் எரிய நிற்கிறவன் கையில் தடி இருந்தால், அந்தத் தடி எப்படிப் பேசும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்வி: போலீஸ்காரரின் கவசத்தால் நமக்கு என்ன லாபம்?

நாம் இங்கே பிழைக்க வந்தவர்கள். மூன்று தலைமுறை ஆனாலும், கோபம் கொண்ட கூட்டத்தின் கண்ணுக்கு நாம் வெளியூர்க்காரர்கள். 1966-க்குப் பிறகு தென்னிந்தியர் கடைகளும் ஓட்டல்களும் இந்த நகரத்தில் தாக்கப்பட்ட கதையை மாட்டுங்காவிலும் தாராவியிலும் உள்ள பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1969 பிப்ரவரியில் எல்லைப் பிரச்சினையை வைத்து நகரமே எரிந்தது. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டிப் பெங்களூரில் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் அதே நகரத்தில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் வரிசையாக எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். இப்படிப்பட்ட நேரத்தில் நமக்கு வேண்டியது என்ன? கூட்டத்துக்கும் நம் குடிசைக்கும் நடுவே ஓடாமல் நிற்கிற போலீஸ்காரர். தலைக்கவசமும் கேடயமும் இல்லாமல் பத்துப் பேரை ஆயிரம் பேருக்கு முன்னால் நிறுத்தினால், அவர்கள் முன் இரண்டே வழிதான் உண்டு. ஒன்று ஓடுவது, மற்றொன்று சுடுவது. ஓடினால் நம் வீடு எரியும். சுட்டால் பிணம் விழும். அந்தப் பிணம் பெரும்பாலும் ஏழையின் பிணமாகவே இருக்கும்.

இதற்கு நம் நகரமே சாட்சி. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரங்களை விசாரித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிஷனின் அறிக்கை 1998-இல் வெளிவந்தது. இறந்தவர்கள் 900 பேர் என்று அது கணக்குக் கொடுக்கிறது. அதில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் 356 பேர். கத்திக் குத்தில் இறந்தவர்கள் 347 பேர். கலவரக்காரனின் கத்தியைவிடக் காவல்காரனின் துப்பாக்கி அதிக உயிர் குடித்திருக்கிறது. தாராவியும் அந்தக் கலவரத்தில் எரிந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் கிடங்கில் உழைத்த நம் இஸ்லாமியச் சகோதரர்களும் அந்த நெருப்பில் நின்றவர்கள்தாம்.

1990-இல் ஹவானாவில் கூடிய ஐக்கிய நாடுகள் சபையின் மாநாடு, போலீசார் பலத்தைப் பயன்படுத்துவது பற்றிச் சில அடிப்படை நெறிகளை வகுத்தது. அதில் இரண்டாவது நெறி சொல்வதன் சாரம் இது: போலீசாருக்குக் கேடயம், தலைக்கவசம், குண்டு துளைக்காத உடை போன்ற தற்காப்புச் சாதனங்களைக் கொடுக்க வேண்டும், கொடுப்பதன் நோக்கம், எந்த ஆயுதத்தையும் எடுக்க வேண்டிய தேவையைக் குறைப்பது. உடம்புக்குக் காப்பு உள்ளவனுக்குப் பொறுமை காட்ட அவகாசம் கிடைக்கிறது. அதனால் கவசத்தை நாம் எதிர்க்கவில்லை, ஆதரிக்கிறோம்.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது: பணம் யார் தர வேண்டும்?

இங்கேதான் வியாபாரிகளின் கடிதத்தோடு நாம் வேறுபடுகிறோம். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பொது ஒழுங்கும் போலீசும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மாநில அரசாங்கத்தின் கடமை அது. அந்தக் கடமைக்குக் கைகொடுக்க மத்திய அரசும் 1969-70 முதல் போலீஸ் நவீனமயத் திட்டம் என்று ஒன்றை நடத்தி வந்திருக்கிறது. 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு அந்தப் பெருந்திட்டத்துக்கு ஒப்புதல் தரப்பட்ட தொகை 26,275 கோடி ரூபாய். அதற்குள் மாநிலப் போலீஸ் படைகளை நவீனமாக்க மட்டும் மத்திய அரசின் ஒதுக்கீடு 4,846 கோடி ரூபாய். சாதாரண மாநிலங்களுக்கு மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு என்பது ஏற்பாடு. இது போக, மாவட்டத் திட்டக் குழுவின் நிதியிலிருந்தும் மகாராஷ்டிரத்தில் போலீஸ் வாகனங்கள் வாங்கப்பட்டிருக்கின்றன. பணம் வருகிற வாய்க்கால் இருக்கிறது. அதில் தண்ணீர் நம் வட்டாரத்துக்கு ஏன் வந்து சேரவில்லை என்று கேட்பதை விட்டுவிட்டு, வீட்டுக்கு வீடு குடம் ஏந்துவது என்ன நியாயம்?

தோழர்களே, நாம் எல்லோரும் வரி கட்டுகிறவர்கள். வருமான வரி கட்டுகிற அளவுக்குச் சம்பளம் இல்லாதவரும் வரி கட்டுகிறார். சோப்பு வாங்கினால் வரி, செருப்பு வாங்கினால் வரி. இட்லி விற்கிற அம்மாள் வாங்கும் காஸ் சிலிண்டரிலும் வரி. அந்த வரியில் போலீசின் தலைக்கவசமும் அடக்கம். ஒரே பொருளுக்கு ஏழை ஏன் இரண்டு முறை பணம் கொடுக்க வேண்டும்? கேங்மேனின் மழைக்கோட்டுக்காக எந்த ரயில்வே அதிகாரியாவது பிளாட்பாரத்தில் துண்டை விரித்துப் பயணிகளிடம் வசூல் செய்தால் நாம் சும்மா இருப்போமா? அது நிர்வாகத்தின் பொறுப்பு என்றுதானே சொல்லுவோம்? அதே நியாயம்தான் இங்கும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. போலீசுக்குக் கவசம் வாங்கித் தந்தவர் யார் என்பதை ஸ்டேஷன் மறக்காது. வாங்கித் தந்தவரும் மறக்கவிடமாட்டார். பலகையில் பெயர் எழுதுவார்கள். பெரிய தொகை கொடுத்த கடைக்காரரும், நடைபாதையில் கூடை வைத்து விற்கும் நம் சகோதரியும் ஒரே நாளில் ஒரே ஸ்டேஷனுக்குப் புகார் கொண்டுபோனால், யாருக்கு நாற்காலி, யாருக்கு வாசற்படி? பட்டறைத் தொழிலாளி கூலி பாக்கி கேட்டு முதலாளி வாசலில் உட்கார்ந்தால், அந்த முதலாளி வாங்கிக் கொடுத்த கேடயம் யாரைப் பார்த்து நீளும்? பொதுப் பணத்தில் வந்த கேடயத்துக்கு எஜமானன் பொதுமக்கள். தனியார் பணத்தில் வந்த கேடயத்துக்கு எஜமானன் வேறு.

வசூல் நடக்கும் முறையையும் பாருங்கள். கடிதத்தில் "விருப்பப்பட்டால்" என்று இருக்கிறது. ஆனால் போலீசுக்காக வசூல் என்று வாசலில் வந்து நின்றால், விருப்பம் இல்லை என்று சொல்ல எந்தக் கைவண்டிக்காரருக்குத் தைரியம் வரும்? சொல்ல முடியாத இடத்தில் கேட்பது நன்கொடை ஆகாது, அது தண்டல்.

"கொடுக்காவிட்டால், நம் சந்து எரியும்போது அவர்கள் மெதுவாகத்தான் வருவார்கள்" என்று ஒரு பெரியவர் சொன்னார். இந்தப் பயம் பொய்யல்ல, அனுபவத்தில் விளைந்தது. ஆனால் நாம் கேட்கிறோம்: காசு கொடுத்தவன் வீட்டுக்கு ஓடி வருவதும், கொடுக்காதவன் வீட்டுக்கு நடந்து வருவதும் நடைமுறையானால், அந்தப் போட்டியில் ஜெயிக்கப் போவது நாமா? நம்மைவிடப் பெரிய தொகை கொடுக்க ஆள் இருக்கிறார்களே! நம் பாதுகாப்பு நம் சந்தாவில் இல்லை. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்பதில்தான் இருக்கிறது. அந்தச் சட்டத்தை நாமே ஏலத்துக்கு விடலாமா?

நான்காவது கேள்வி: எதை வாங்குவது?

அந்தக் கடிதத்தின் பட்டியலைக் கவனமாகப் படித்தோம். தலைக்கவசம், முழங்கால் காப்பு, கேடயம் இவற்றோடு, கடைசி வரியில் "இதர கூட்டக் கட்டுப்பாட்டுச் சாதனங்கள்" என்று இருக்கிறது. இந்த "இதர" என்ற சொல்லுக்குள் எது வேண்டுமானாலும் நுழையும். உடம்பைக் காப்பது ஒன்று. பிறர் உடம்பைத் தாக்குவது மற்றொன்று. கண்ணீர்ப்புகைக் குண்டு, ரப்பர் குண்டு, பெல்லட் துப்பாக்கி ஆகியவை கவசம் அல்ல, ஆயுதம். உயிரை எடுக்காத ஆயுதம் என்று சொல்லித்தான் பெல்லட் துப்பாக்கியைக் காஷ்மீரில் இறக்கினார்கள். 2016-இல் அங்கே சிறு பிள்ளைகள் உட்படப் பலர் கண் இழந்தார்கள். ஆகவே கவசத்துக்கு ஒரு பட்டியல், ஆயுதத்துக்கு வேறு பட்டியல் என்று அரசாங்கமே பிரித்துக் கணக்குக் காட்ட வேண்டும். கவசத்தின் பெயரால் ஆயுதத்துக்குப் பணம் போகக் கூடாது.

வாங்குகிற கவசமும் போடத் தகுந்ததாக இருக்க வேண்டும். மும்பையின் மே மாதப் புழுக்கத்தில் கனத்த கவசத்தைப் பல மணி நேரம் மாட்டிக்கொண்டு நிற்பது சாமானியமா? மகாராஷ்டிரத்தில் போலீஸ் வேலையில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆண் அளவில் தைத்த மார்புக் கவசத்தைப் பெண் போலீசுக்குக் கொடுத்தால் அது காப்பா, சுமையா? வாங்கிய கவசம் கிடங்கில் பூட்டிக் கிடந்தால் யாருக்குப் பயன்? பயிற்சி கொடுத்தார்களா, பழசானதை மாற்றினார்களா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

ஐந்தாவதாக ஒன்று. கவசம் உடம்பைக் காக்கும், மனசைத் திருத்தாது.

ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் போலீசின் பாரபட்சத்தையும் சுட்டிக்காட்டியது. 1997 ஜூலை 11 அன்று காட்கோபர் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலை அவமதிக்கப்பட்டதைக் கண்டித்துக் கூடிய மக்கள்மீது மாநில ரிசர்வ் போலீசார் சுட்டதில் 10 தலித் மக்கள் இறந்தார்கள். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் போன நம் சொந்த ஊர் மக்கள் சுடப்பட்டார்கள். 13 உயிர்கள் போயின. அங்கெல்லாம் குறைவாக இருந்தது கேடயம் மட்டும்தானா? எதிரே நிற்பவன் குடிமகன், அவன் உயிரும் உயிர் என்ற நினைப்பே குறைந்திருந்தது. அந்த நினைப்பைக் கடையில் வாங்க முடியாது. பயிற்சியாலும், தப்பு செய்தவருக்குத் தண்டனை உண்டு என்ற நிச்சயத்தாலும்தான் அது வரும்.

மேலும், முகத்தை மூடும் தலைக்கவசம் போட்ட பிறகு அடித்தது யார் என்று எப்படித் தெரியும்? கைது செய்கிற போலீஸ்காரர் தம் பெயரைத் தெளிவாகத் தெரியும்படி அணிய வேண்டும் என்று 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 36-ஆவது பிரிவிலும் அது இருக்கிறது. அதே நியாயம் கூட்டத்தைக் கலைக்க வருகிறவருக்கும் வேண்டும். மார்புக் கவசம் பெயர்ப் பட்டையை மறைக்கிறது என்றால், தலைக்கவசத்தின் மேல் பெரிய எழுத்தில் எண் போடட்டும். சட்டப்படி நடக்கிற போலீஸ்காரருக்கு இதில் நஷ்டம் இல்லை. அடுத்தவன் செய்த தப்புக்கு அவர் தலை உருளாது.

2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், போலீசார் மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்திலும் மாவட்டத்திலும் தனி ஆணையம் வேண்டும் என்று உத்தரவிட்டது. மகாராஷ்டிரம் 2014-இல் சட்டத்தைத் திருத்தியது. அந்த வாசல் எங்கே இருக்கிறது, எப்படி மனு எழுதுவது என்று நம் மக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கவசத்துக்குப் பணம் கேட்டுக் கடிதம் வருகிறது. உங்கள் புகாரைக் கேட்க ஆணையம் இருக்கிறது என்று யாரும் கடிதம் எழுதுவதில்லை.

ஆகவே தோழர்களே, செயற்குழுவின் சார்பில் கீழ்க்கண்ட முடிவுகளை உங்கள் முன் வைக்கிறோம்:

ஒன்று: தலைக்கவசம், கேடயம், உடல் காப்பு ஆகியவை நம் வட்டாரப் போலீசார் ஒவ்வொருவருக்கும், பெண் போலீசாருக்கு அவர்கள் அளவில், மாநில அரசின் செலவில் வழங்கப்பட வேண்டும் என்று நம் சங்கம் கோருகிறது. உள்துறைக்கும், நம் சட்டமன்ற உறுப்பினருக்கும், மாவட்டத் திட்டக் குழுவுக்கும் மராத்தியில் மனு கொடுக்கிறோம்.

இரண்டு: வீட்டுக்கு வீடு நடக்கும் வசூலில் நம் சங்கம் பங்கு கொள்ளாது. பொங்கல் நிதி, அது எதற்குச் சேர்க்கப்பட்டதோ அதற்கே செலவாகும். இதைக் கடிதம் எழுதியவர்களுக்கு மரியாதையோடும் காரணத்தோடும் தெரிவிக்கிறோம்.

மூன்று: 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, போலீஸ் நவீனமயப் பணத்தில் நம் பகுதிக்கு என்ன வாங்கப்பட்டது, கவசம் எவ்வளவு, ஆயுதம் எவ்வளவு என்று கேட்டு மனுப் போடுகிறோம். பதில் வந்தால் இதே பத்திரிகையில் அச்சிடுவோம். வராவிட்டால் அதையும் அச்சிடுவோம்.

நான்கு: கலவரக் கவசம் அணிந்த ஒவ்வொரு போலீஸ்காரரின் எண்ணும் வெளியே தெரிய வேண்டும் என்று கோருகிறோம்.

ஐந்து: போலீசாருக்கு எட்டு மணி நேர வேலை, வார விடுமுறை, மனிதர் வாழத் தகுந்த குடியிருப்பு வேண்டும் என்ற கோரிக்கையை நம் சங்கமும் ஆதரிக்கிறது. அவர்கள் வாய் திறக்கத் தடை இருக்கிறது, நமக்கு இல்லை.

இந்த ஐந்தாவது முடிவைக் கேட்டு இளைஞர்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. தம்பிகளே, ரத்னகிரியிலிருந்தோ சத்தாராவிலிருந்தோ பிழைக்க வந்து, பத்துக்குப் பன்னிரண்டு அறையில் குடும்பம் நடத்தும் ஹவல்தாரும், விழுப்புரத்திலிருந்து வந்து பக்கத்துச் சாலில் இருக்கும் நாமும் ஒரே குழாயடியில் நிற்கிறவர்கள். 1974 மே மாதத்து ரயில்வே வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் குடும்பங்களைக் குவார்ட்டர்ஸிலிருந்து வெளியேற்ற வந்ததும் போலீஸ்தான் என்று நம் மூத்த தோழர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் அதை மறக்கவில்லை. ஆனால் உத்தரவு போட்டவன் யார், உத்தரவைச் சுமந்து வந்தவன் யார் என்ற வித்தியாசத்தையும் அவர்கள் நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எனவே போலீஸ்காரரின் தலைக்குக் கவசம் கேட்போம். நம் தலைக்குச் சட்டத்தின் கவசம் கேட்போம். இரண்டையும் அரசாங்கத்திடம் கேட்போம். மனுவில் கையெழுத்துப் போடும் தாள் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துத் தெரியாத தாய்மார்கள் கைநாட்டு வைக்கலாம். அதற்கும் அதே மதிப்புத்தான். தீர்மானத்துக்கு மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் இப்போதே எழுந்து பேசும்படி கேட்டுக்கொள்கிறோம். பேசிய பிறகு ஓட்டெடுப்போம்.